பழைய வாடகை வீட்டில் ஆர்சிசிபி: நான் பட்ட பாடு

ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, பொருத்தும் வேலை ஒருவழியாக முடிந்தது. ஆனால் எங்கள் வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டு மேல் உள்ள ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்து கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி ஏற்கெனவே கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளிலும் 2025 ஜூலை 1க்குள் பொருத்தியாக வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் அறிவித்தது. கேலாங் பக்கம் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடி வீடு எழுபதுகளில் கட்டியது.

ஏஜெண்டிடம் சொன்னேன். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டி, சில்லறைப் பழுதெல்லாம் குடியிருப்பவர் செலவு என்ற பகுதியைக் காட்டினார். பல்பு மாற்றுவது சில்லறைப் பழுது. உயிரைக் காக்கும் கருவி அதில் எப்படிச் சேரும்? வயரிங் உரிமையாளர் பொறுப்பு, செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து அவரே ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் டிபி பெட்டியை, அதாவது வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியை, திறந்து பார்த்துவிட்டு, "பிரேக்கர்தான் இருக்கே, போதும்" என்றார். அங்கே இருந்தது வெறும் எம்சிபி. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோதான் அது விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்; ஆள் உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் அதற்குத் தெரியாது. உங்கள் பெட்டியிலும் பாருங்கள்: ஆர்சிசிபியில் டெஸ்ட் பொத்தான் இருக்கும், 30 மில்லிஆம்பியர் என்ற அளவு அச்சிட்டிருக்கும். உரிம எண் கேட்டதும், லைசன்ஸ் நண்பர் பெயரில் இருப்பதாக இழுத்தார். வாசலோடு அனுப்பிவிட்டேன்.

உரிமம் பெற்ற மின்பணியாளரை ஆணையத்தின் இணையத்தளத்திலேயே தேடலாம். சாதாரண வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் நிலை உரிமமே போதும். 45 கேவிஏ மின்சுமை வரை அவர்கள் பார்க்கலாம். அப்படிக் கிடைத்த அங்கிள் வந்து மளமளவென்று பொருத்திவிட்டார்.

அன்று இரவே அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, கரண்டு நிக்கவே மாட்டேங்குது, திரும்பத் திரும்ப விழுது." ஏஜெண்டுக்குத் தகவல் போனதும் அவர் அனுப்பிய பதில்: "பைபாஸ் பண்ணிடுங்க, ஒப்பந்தம் முடியட்டும்." அதாவது ஆர்சிசிபியை விட்டுவிட்டு வயரை நேராக இணைக்கச் சொல்கிறார். படித்ததும் கை நடுங்கியது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அங்கிள் மறுபடி வந்து எல்லாச் சுவிட்சையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். குளியலறை ஹீட்டரைப் போட்டதும் பட்டென்று விழுந்தது. பழைய தொட்டி ஹீட்டர், உள்ளே கம்பிச்சுருள் பழுதாகிக் கசிந்துகொண்டிருந்தது. அதில்தான் அந்தப் பிள்ளைகள் தினமும் குளித்திருக்கிறார்கள். புதிதாகப் பொருத்தியது தொல்லை கொடுக்கிறது என்று கழற்றச் சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அது விழுந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, தேடிப் பிடியுங்கள்.

பாதுகாப்புக் குறி உள்ள ஹீட்டர் வாங்கி மாட்டியாயிற்று. ரசீதில் அங்கிளின் உரிம எண்ணையும் செய்த வேலையையும் எழுதி வாங்கினேன். நீங்களும் அதை வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கும்படி தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஒப்பந்தத்தில் அதோடு, மின்பழுது எதுவானாலும் நேராக எனக்கே சொல்ல வேண்டும் என்றும் எழுதப்போகிறோம். அதை எழுதப்போவது வேறொரு ஏஜெண்டு.