ஏலகிரியில் 900 ரூபாய் ராத்திரி

"சொந்த வண்டியில படுக்கறதுக்கு எதுக்குடி 900 ரூபா?" காட்பாடியில் கிளம்பும்போதே அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். லாட்ஜ் செலவை மிச்சம் பிடிக்கத்தான் ஓம்னி வேனின் பின்சீட்டைக் கழற்றி மெத்தை போட்டோம்.

ஆனால் போன மாதம் ஜவ்வாது மலையில் ரோட்டோரமாக நிறுத்திப் படுத்த ராத்திரியை நான் மறக்கவில்லை. வண்டி லேசான சரிவில் நின்றதால் விடியும்வரை அம்மா என் பக்கமே சரிந்து வந்தாள். கழிப்பறை இல்லை என்று சாயங்காலத்திலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை, பாவம். 66 வயசு.

இந்தத் தடவை ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மலை விளிம்பில், ராத்திரி தங்க இடம் கொடுக்கும் ஒரு தோப்புக்குள் 900 ரூபாய் கட்டி வண்டியை நிறுத்தினோம். சமதரை, சுத்தமான கழிப்பறை, காலையில் ஒரு வாளி வெந்நீர், கேட்டில் ராத்திரி முழுக்கக் காவலுக்கு ஆள். அம்மா இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிவதற்கு முன் பின்கதவைத் தூக்கினேன். கீழே ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயிலின் ஜன்னல் வெளிச்சம் பனிக்குள் நூல் போல ஊர்ந்தது. அம்மா போர்வைக்குள் உட்கார்ந்தபடியே, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம், போவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இப்படித் தங்க விடும் சில இடங்களில் கூடாரம் மட்டும்தான். வண்டிக்குள் படுக்க விடமாட்டார்கள்.