கணினிக்குள் ஓடும் சிங்கப்பூர் நீரிணை

கடல் விபத்துகளை ஆராய வருபவர்களை முதலில் திணறவைப்பது, ஆராயும் அளவுக்கு விபத்துகள் நடப்பதில்லை என்பதுதான். இதைச் சொன்னால் வீட்டில் முறைக்கிறார்கள். ஆனால் உண்மை அதுவே. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எந்நேரமும் ஏறத்தாழ 1,000 கப்பல்கள் இருக்கின்றன. நீரிணையின் மிகக் குறுகலான இடத்தில் பயணப் பாதையின் அகலம் 3 கிலோமீட்டரைத் தொடுவதில்லை. அப்படியிருந்தும் கப்பல்கள் மோதிக்கொள்வது அபூர்வம். அந்த ஒரு சில மோதல்களை மட்டும் வைத்து, ஆபத்து எந்த இடத்தில் எந்த நேரத்தில் கூடுகிறது என்று கணிக்க முடியாது.

ஆகவே, மோதாமல் தப்பிய தருணங்களை எண்ணுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெரிய கப்பல் ஒவ்வொன்றும் தானியங்கி அடையாளக் கருவி மூலம் தன் இடத்தையும் வேகத்தையும் திசையையும் 2 முதல் 10 வினாடிகளுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. அந்தப் பதிவுகளிலிருந்து நீரிணையைக் கணினிக்குள் மறுபடி ஓடவிட்டு, எந்த இரண்டு கப்பல்கள் எவ்வளவு நெருங்கின, வழிவிட எத்தனை நிமிடங்கள் மிச்சமிருந்தன என்று கணக்கிடலாம். பிறகு நிஜக் கடலில் செய்து பார்க்க முடியாதவற்றையும் செய்யலாம்: கப்பல்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், மழையைக் கொட்டவைத்துப் பார்வையைக் குறைக்கலாம், நட்டநடு வழியில் ஒரு கப்பலின் இயந்திரத்தை நிறுத்தலாம். கடைசியாகச் சொன்னது வெறும் கற்பனையன்று. 2024 ஜூன் 14 அன்று, கட்டுப்பாட்டை இழந்த தூர்வாரும் கப்பலொன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த எரிபொருள் கப்பல்மீது மோதியதில், சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது.

இயந்திரக் கோளாறைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. மனிதரைச் சொல்லிக்கொடுப்பதுதான் கடினம். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குச் செல்லும் பயணிகள் படகை எடுத்துக்கொள்வோம். கிழக்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் கப்பல்கள் செல்லும் இரு தடங்களையும் அது குறுக்கே கடந்தாக வேண்டும். கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும் என்பது விதி. தடத்தில் வரும் கப்பலுக்கே எப்போதும் முன்னுரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று: இரண்டும் இயந்திரக் கப்பல்களாக இருந்தால், பொதுவாக, மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காணும் கப்பலே வழிவிட வேண்டும். கணினியின் கேப்டன் இதை ஒருபோதும் மறப்பதில்லை. கடலில் இருப்பவரோ, எதிரிலிருப்பவர் என்ன செய்யப்போகிறார் என்று கணித்து, சற்றுக் காத்திருந்து, சில வேளைகளில் விதி கேட்பதற்கு முன்பே விலகி, சில வேளைகளில் மிகத் தாமதமாக விலகுகிறார். இந்தத் தயக்கத்தைச் சேர்க்காத கணினி மாதிரியில் நீரிணை நிஜத்தைவிடப் பாதுகாப்பானதாகவே தோன்றும்.

2017 ஆகஸ்ட் 21 அதிகாலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் நீரிணையை நெருங்கும்போது அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலோடு மோதியது. 10 மாலுமிகள் இறந்தனர். உந்துவிசைக் கட்டுப்பாட்டைப் பக்கத்து இருக்கைக்கு மாற்ற முயன்றபோது சுக்கானின் கட்டுப்பாடும் தவறுதலாக அங்கே போய்விட, சுக்கானே செயலிழந்துவிட்டது என்று கப்பலை இயக்கும் மேடையில் இருந்தவர்கள் நம்பினார்கள். சுக்கான் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. யார் கையில் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. தடங்களையும் தூரங்களையும் மட்டும் கணக்கிடும் எந்த மாதிரியும் இதைக் காட்டியிருக்காது.

இங்கே பயன் தரக்கூடியது, கடல்துறைப் பயிற்சி நிலையங்களில் இருக்கும் முழு அளவிலான சிமுலேட்டர் மேடை. சுற்றிலும் திரைகள், நடுவில் நிஜமான சுக்கான், முன்னால் ஓர் இரவுக்கடல், அதில் தடத்தைக் குறுக்கே கடக்கும் கப்பலின் மூன்று பச்சை விளக்குகள். இப்போது அது பெரும்பாலும் பயிற்சிக்கும் தேர்வுக்கும் உரிய இடமாகவே கருதப்படுகிறது. அதில் அமர்பவர்கள் எந்த நொடியில் திசை மாற்றினார்கள், எந்தத் திரையைப் பார்க்காமல் விட்டார்கள் என்ற பதிவுகளைப் பெயர் நீக்கிப் போக்குவரத்து மாதிரிகளுக்குள் செலுத்தினால், கணினியின் கேப்டனும் கொஞ்சம் தடுமாறக் கற்றுக்கொள்வார். படகோட்டிகளையும் அந்த மேடையில் அமர்த்த வேண்டும் என்பது என் கருத்து. குறுக்கே கடப்பவர்களின் பழக்கம் தெரியாமல் தடத்தில் வருபவர்களின் ஆபத்தை அளக்க முடியாது.