மூக்குக்கு ஒரு ஃபைல், நெஞ்சுக்கு ஒரு ஃபைல்

2024 நவம்பர் 2, சனி

தீபாவளி முடிந்து இரண்டு நாள் ஆகியும் பெரம்பூரில் புகை வாடை போகவில்லை என்றார் இவர். எனக்கு எந்த வாடையும் தெரிவதில்லை, ஒன்றரை வருஷமாகிறது. ஆனால் நெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மூக்கு இரண்டு பக்கமும் அடைப்பு, மூச்சு விடும்போதெல்லாம் விசில். ஆஸ்துமாவுக்கான நீல இன்ஹேலர் இரண்டு தடவை. பொழுது விடிந்த பிறகுதான் படுக்க முடிந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

இதைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். நேற்று நெற்றியிலும் கன்னத்திலும் வலி, குனியவே முடியவில்லை. மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்டேன். "பாராசிட்டமால்தான், தைரியமா போடுங்க" என்று கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டியது, கண் சிவந்தது, முகமும் கழுத்தும் சூடேறின, அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் போகும்போது இவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. நெபுலைசர், ஊசி, ஆக்சிஜன். வீடு திரும்ப ராத்திரி ஆகிவிட்டது.

டியூட்டி டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காட்டினார். பாராசிட்டமால் 325 மில்லிகிராம், அதற்கு மேல் வரியில் அசெக்ளோஃபெனாக் 100, அது இன்னொரு வலி மருந்து. "இதுக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டு இப்படி ஆயிருக்காம்மா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஆகியிருக்கிறது. பல் பிடுங்கிய அன்று ஒரு தடவை, கால் சுளுக்கிய அன்று ஒரு தடவை. ஒன்றுக்குத் தூசியையும் இன்னொன்றுக்கு மழையையும் காரணமாக நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

காது மூக்கு தொண்டை டாக்டர் கேமராவை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். உரித்த நுங்கு போல, வெளுப்பாக, பளபளவென்று இரண்டு பக்கமும் சதை தொங்குகிறது. பாலிப். வாசனை மேலே ஏறவே வழியில்லை.

மூக்கில் பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை மாத்திரை ஒத்துக்கொள்ளாமை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது ஒரே வியாதியாம். பிரான்ஸில் விடால் என்ற டாக்டர் 1922-லேயே இதைக் கவனித்திருக்கிறார். 1968-இல் சாம்டரும் பியர்ஸும் விவரமாக எழுதியதால் சாம்டர் பெயரிலேயே நின்றுவிட்டது. சிறு வயதில் வருவது குறைவு, முப்பதை ஒட்டித்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். எனக்கும் அப்படித்தான். ஆஸ்பிரின், ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நான் போட்ட அசெக்ளோஃபெனாக் எல்லாம் உடம்பில் ஒரே நொதியைத்தான் தடுக்கின்றன. அப்போது லூக்கோட்ரையீன் என்ற பொருள் ஏராளமாகச் சுரந்து, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடுகிறது. அதனால் மாத்திரையின் பெயரை மாற்றிப் பயனில்லை. வெறும் பாராசிட்டமால் 500 போடலாம் என்றார்.

எட்டு வருஷமாக மூக்குக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டர். பீரோவில் இரண்டு ஃபைல். மூக்கு கெட்ட வாரமெல்லாம் நெஞ்சும் கெட்டிருக்கிறது, தேதியைப் பார்த்தாலே தெரிகிறது. யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அதுதான் மனசு ஆறவில்லை. இன்று ஒரே ஃபைலாகக் கட்டினேன்.

நவம்பர் 30, சனி

ஃபெங்கல் புயல். நாள் முழுக்க மழை, சுவரெல்லாம் ஈரம். மூக்கு கழுவுவதை மட்டும் விடவில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அரை ஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தலையைச் சாய்த்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டே ஒரு பக்கம் ஊற்றினால், முதலில் தேங்கி நிற்கும், கண்ணோரம் கனக்கும், பிறகு மெதுவாக மறுபக்கம் வழியும். இன்று பச்சையாகக் கோழை, ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. அது வந்ததும் நெற்றிப் பாரம் இறங்கியது. பிறகு ஸ்பிரே, இன்ஹேலர், வாய் கொப்பளிப்பு.

டிசம்பர் 18, புதன்

ஸ்டீராய்டு மாத்திரை ஐந்தாம் நாள். காலையில் பாத்திரம் துலக்கும்போது ஏதோ எலுமிச்சை போல வந்தது. சோப்பு! கையை முகத்தருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் பெருங்காய டப்பா, அத்தையின் தைல பாட்டில், இவர் சட்டை. சாயங்காலம் பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் உச்சந்தலையில் முகத்தை வைத்தேன். தேங்காய் எண்ணெய், வேர்வை, வெயில். அழுதுவிட்டேன்.

மாத்திரை நின்றதும் வாசனையும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். எலும்புக்கும் சர்க்கரைக்கும் கெடுதல் என்பதால் ஏழு நாளுக்கு மேல் தரமாட்டார். சரி, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

2025 ஜனவரி 13, திங்கள்

போகி. நாலு மணிக்கே தெருவில் கொளுத்திவிட்டார்கள். ஜன்னல் இடுக்கில் அத்தை ஈரத்துண்டு செருகி வைத்தார். மூச்சு வெளிவரும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஊதினால் 300. நல்ல நாளில் 380 காட்டும்.

வாசனை போய் மூன்று வாரமாகிறது. பிப்ரவரியில் ஆபரேஷன். பாலிப் திரும்ப வளரலாம், கழுவுவதையும் ஸ்பிரேயையும் நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் தேதி கொடுத்தார்கள். ஆகாத மாத்திரைகளின் பெயரை அட்டையில் எழுதிப் பர்ஸிலும் ஃபைலிலும் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் இவர் மஞ்சள் கொத்து வாங்கி வந்தார். இலையைக் கிள்ளி மூக்கில் வைத்தேன், குளிர்ச்சி மட்டும்தான். பாப்பா வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"மண்ணு வாசனைம்மா. கொஞ்சம் மாங்கா மாதிரியும் இருக்கு."