கூலர் பெரிது, காற்று போதவில்லை

பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் பொருத்திய விமானத்தின் சொந்தக்காரர் என்னைத் தேடி வந்தால், பெரும்பாலும் கையில் பெரிய ரேடியேட்டர் ஒன்றின் விலைப்பட்டியல் இருக்கும். டெக்சாஸ் கோடையில் மேலே ஏறும்போது சூடு எகிறுகிறது, இதைவிடப் பெரியதாக வாங்கிவிடலாமா என்று கேட்பார். அவசரப்பட்டு வாங்காதீர்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் வார்த்தை.

அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டுகிறவர்களில் சிலருக்கு மாஸ்டா 13பி எஞ்சின் மீது தீராத மோகம். ஆர்எக்ஸ்-7 காரில் ஓடிய அதே எஞ்சின்தான். இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. அந்த எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் வெப்ப விஷயத்தில் அது எளிமையான எஞ்சின் அல்ல.

பிஸ்டன் எஞ்சினில் எரிவதும் புதுக் காற்று நுழைவதும் ஒரே சிலிண்டருக்குள் மாறி மாறி நடக்கின்றன. ரோட்டரியில் எரிவது எப்போதும் ஒரே பக்கம், காற்று நுழைவது மறுபக்கம். ஸ்பார்க் பிளக் இருக்கும் பகுதிக்கு ஓய்வே இல்லை. ரோட்டர் உறை அலுமினியம்; அதன் இருபுறமும் இரும்புத் தகடுகள். நீண்ட போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் நடுவில் நசுங்கும். ஆறிய பிறகு, இடையில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்களுக்குப் பழைய பிடிப்பு இருக்காது. அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலன்ட், எரிபொருள் எரியும் அறைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான்.

இதனால் எல்லோரும் கூலன்ட் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணெயை மசகுப் பொருளாக மட்டும் நினைப்பார்கள். உண்மையில் ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது எண்ணெய். ஷாஃப்டிலுள்ள சிறு துளைகள் வழியாக அது ரோட்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. கூலன்டும் எண்ணெயும் சேர்ந்து வெளியேற்றும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயின் தலையில் விழுகிறது. அதுவோ நீரில் பாதியளவு வெப்பத்தைத்தான் சுமக்கும். கூடவே பிசுபிசுப்பு, குழாய்ச் சுவரை ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆறிக் கெட்டியாகி நகராமல் நிற்க, நடுவில் ஓடும் எண்ணெய் சூட்டோடு தப்பித்துப் போய்விடும்.

சிறு விமானங்களில் வழக்கமாக இருக்கும், காற்றால் குளிரும் லைகமிங் பிஸ்டன் எஞ்சினில் சிலிண்டர் தலை 500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகலாம். வெளியே 100 டிகிரி வெயில் என்றாலும் 400 டிகிரி வித்தியாசம் கையிலிருக்கிறது. நம் கூலன்ட் 200 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் வெறும் 100. அதனால் நிறையக் காற்று வேண்டும், அதுவும் கூலரின் உள்ளே புகுந்து போக வேண்டும்.

ஒருவர் ஏற்கெனவே எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டரை, அதாவது ஆயில் கூலரை, பெரியதாக மாட்டிவிட்டுத்தான் வந்தார். ஏறும்போது எண்ணெய் 210 டிகிரியைத் தாண்டுவது நிற்கவில்லை. பழைய விமான வேகமானி ஒன்றை எடுத்து, அழுத்தக் குழாயைக் கூலருக்கு முன்னும், மற்றொரு குழாயைப் பின்னும் வைத்தேன். விமான வேகமானி என்பது இரண்டு காற்றழுத்தங்களின் வித்தியாசத்தைக் காட்டும் கருவிதானே. விமானம் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் ஏறும்போது இந்த வேகமானி 50ஐ ஒட்டித்தான் நின்றது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, கிடைக்க வேண்டிய அழுத்தத்தில் கால்வாசிதான் கூலருக்குக் கிடைக்கிறது.

“வேகத்தைக் கூட்டினால்?” என்றார்.

“கூடும். 160 நாட்டில் இரண்டரை மடங்கு அழுத்தம் இருக்கிறது. ஆனால் சூடு ஏறுவது மெதுவாகப் போகும்போதுதான்.”

எஞ்சினை மூடியிருக்கும் கௌலிங்கைக் கழற்றிப் பார்த்தபோது கூலரின் விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. காற்று சுலபமான வழியைப் பார்த்துப் போய்விடுகிறது. கூலரைக் கடந்த காற்று வெளியேறவும் தனி வழியில்லை. எஞ்சினைச் சுற்றிய காற்று ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நிற்கும் அதே இடத்தில் வந்து முட்டியது. இடைவெளிகளை ரப்பர் பட்டையால் அடைத்தோம். உள்வாயிலிலிருந்து கூலர் வரை சீராக அகலும் குழாய், பின்னால் தனி வெளிவாயில், அதற்கொரு மடிப்புக் கதவு. பழைய சிறிய கூலரையே திரும்ப மாட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்தபடி மாட்டினார். அதே ஏற்றத்தில் வேகமானி 70ஐத் தொட்டது, பாதி அழுத்தம். எண்ணெய் 210க்குக் கீழேயே நின்றது.

அந்த 210 எங்கே அளந்தது என்பதையும் கேட்க வேண்டும். கூலருக்கு முன்னா, பின்னா? லைகமிங்கின் 245 டிகிரி எல்லை, எஞ்சினுக்குள் நுழையும் எண்ணெய்க்கு உரியது. உணரியின் இடம் தெரியாமல் இருவர் தங்கள் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவதை ஹேங்கர் வாசலில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூலன்டுக்கு வெப்பமானியோடு அழுத்தமானியும் வைக்கச் சொல்வேன். குழாய் வெடித்து நீர் போய்விட்டால், வெப்ப உணரி வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு சாதுவான எண்ணைக் காட்டும். அழுத்தமானியின் முள் உடனே விழும். இந்த ஒரு கருவிக்கு மட்டும் நான் விலை பார்ப்பதில்லை.

பனிக்காலத்தில் அதே ஆள் மறுபடியும் வந்தார்: எண்ணெய் 150ஐத் தாண்ட மறுக்கிறதாம். அப்படியே விட்டால் எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாது. கூலர் முகத்தில் கால்பங்கை அலுமினிய நாடாவால் மூடி அனுப்பினேன்.