கல்வெட்டு ஸ்கேன்கள்: கோப்புப் பெயரைப் பிரித்ததில் இதுவரை

யாழ்ப்பாணப் பக்கத்தில் இறந்தவரின் நினைவாக அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கிற ‘கல்வெட்டு’ என்னும் நினைவுப் புத்தகங்களை (கல்லில் வெட்டியவை அல்ல) ஸ்கேன் பண்ணி ஊர்வாரியாகக் காட்டும் சின்ன இணையப் பக்கம். தனி அட்டவணை கிடையாது, கோப்புப் பெயரே அட்டவணை: ‘கொக்குவில்_கல்வெட்டு_1987_03.ஜேபிஜி’. நிரல் மொழிகள் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட், சேர்வரில் பிஎச்பி.

முதலில் பெயரின் கடைசியில் வரும் ‘.ஜேபிஜி’ போன்ற நீட்சியைக் கழற்ற வேண்டும். புள்ளியில் ஸ்பிளிட் செய்து (துண்டாக்கி) முதல் துண்டை எடுத்தால் ‘03.முகப்பு.ஜேபிஜி’ போன்ற பெயர்களில் ‘முகப்பு’ தொலைந்துபோகும். ஆகவே கடைசிப் புள்ளியை அதன் இடத்தைச் சொல்லும் லாஸ்ட்இண்டெக்ஸ்ஆஃப் கொண்டு தேடி, அதுவரை ஸ்லைஸ் செய்வதுதான் (வெட்டி எடுப்பதுதான்) சரி. புள்ளியே இல்லாத பெயரில்தான் பிழை நேர்கிறது. அப்போது கிடைக்கும் விடை -1. ஸ்லைஸுக்கு -1 என்றால் ‘கடைசி ஒன்றை விட்டுவிடு’ என்று பொருள். ‘கொக்குவில்’ என்று மட்டும் பெயர் வைத்த அட்டைப்படம் ‘கொக்குவில’ ஆகிவிட்டது. போனது எழுத்துக்கூட இல்லை, ‘ல்’லின் மேலிருக்கும் குற்று மட்டும். பிழைச்செய்தியும் வராது. விடை 0ஐவிடப் பெரிதா என்று பார்த்த பிறகே வெட்ட வேண்டும்; புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் அதிலேயே தப்பிவிடும்.

அடிக்கோட்டில் பிரிப்பதில் இரண்டு மொழிகளும் ஒத்துப்போகவில்லை. எத்தனை துண்டு வேண்டும் என்ற எல்லையை 2 என்று கொடுத்தால், பிரிப்பதற்கான பிஎச்பியின் எக்ஸ்ப்ளோட் ‘கொக்குவில்’, ‘கல்வெட்டு_1987_03’ என்று மிச்சத்தையும் சேர்த்துத் தரும். ஜாவாஸ்கிரிப்டின் ஸ்பிளிட் ‘கொக்குவில்’, ‘கல்வெட்டு’ என்று தந்துவிட்டு மிச்சத்தை எறிந்துவிடும். இரண்டு பக்கமும் எல்லையைக் கைவிட்டு, முழுதாகப் பிரித்து, வலப்பக்கமிருந்து கழற்றியதே வடிவாக வேலை செய்தது: பக்கம், ஆண்டு, வகை, எஞ்சியதெல்லாம் ஊர். ‘அச்சுவேலி_தெற்கு’ என்று யாரும் எழுதினாலும் உடையாது.

இரட்டை அடிக்கோடு வந்தால் நடுவில் வெற்றுத் துண்டு விழும். அதை நீக்க, வெற்றானவற்றை வடிகட்டும் பிஎச்பியின் அரே ஃபில்டரை வெறுமனே பாவித்தால் ‘0’ என்ற பக்க எண்ணையும் வெற்றென்று தூக்கிவிடும் (‘00’ தப்பும்), வரிசை எண்களிலும் ஓட்டை விழும். பிஎச்பியில் பிரிப்பதற்கான இன்னொரு வழியான பிரெக் ஸ்பிளிட்டில் ‘வெற்று வேண்டாம்’ என்ற கொடியை (விருப்பத் தெரிவை) கொடுப்பதே நல்லது. அது ‘0’ஐத் தொடாது.

இனிமேல்தான் தமிழுக்கே உரிய தலையிடி. சிறுபடத்தின் கீழே ஊர்ப்பெயரின் முதல் சில எழுத்துகளைப் போட வேண்டும். ‘யாழ்ப்பாணம்’ நம் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 11 குறி (குற்று, அரவு போன்றவையும் தனிக் குறி), அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 வீதம் 33 பைட். ஒரு பகுதியை வெட்டித் தரும் பிஎச்பியின் சப்ஸ்டர் பைட்டை எண்ணும். 10 என்று கொடுத்தால் மூன்று குறியும் நாலாவதின் ஒரு துணுக்கும் வரும். அந்தத் துணுக்கோடு உலாவிக்கு அனுப்பும் வடிவாக்கும் ஜேசன் என்கோடுக்கு அனுப்பினால் அது ஃபால்ஸ் (‘முடியவில்லை’) என்று திருப்பிவிடும், பக்கம் வெறுமை. குறி குறியாகப் பிரிக்கும் எம்பி ஸ்டர் ஸ்பிளிட் பைட்டை உடைக்காது, ஆனால் 11 துண்டாகவே தரும். குற்றும் அரவும் (‘ா’) தனியே நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் வெற்று மேற்கோளால் ஸ்பிளிட் செய்தாலும் அதே கதிதான். 6 வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரிக்கிறவை வேண்டும்: உலாவியில் இன்ட்ல் செக்மென்டர், பிஎச்பியின் தேடல் கோவையில் யூ கொடியோடு பின்சாய்கோடு எக்ஸ் (பிஎச்பி 8.4 இருந்தால் கிராஃபீம் ஸ்டர் ஸ்பிளிட்). ‘க்ஷ’ மட்டும் இவற்றிலும் க், ஷ என்று இரண்டாகவே பிரியும். அதைக் கையாலே சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஊர் பட்டியலில் இரண்டு தரம் வந்ததற்குக் காரணம் ‘கொ’. அதன் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் அரவுமாக இரண்டாகவும் வரலாம். பழைய மேக் வட்டுகளின் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. ‘கொக்குவில்’ ஒன்றில் 10 குறி, மற்றதில் 11. பிரிப்பதற்கு முன்னம் நார்மலைஸ் செய்து என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) ஆக்கினால் தீர்ந்தது. ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது, அவை யூனிகோடுக்கு வேறு வேறு எழுத்துகள்.

அடுத்த வேலை பெயரின் நீளம். சேர்வரில் இருக்கும் லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4இல் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் 85 குறி. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் 255 குறிவரை விடும். கோவில் பெயர், குறிச்சி எல்லாம் சேர்த்து விண்டோஸ் மடிக்கணினியில் வைத்த பெயர்கள் சேர்வரில் ஏற மறுக்கின்றன. ஏற்றுவதற்கு முன் உலாவியிலேயே டெக்ஸ்ட் என்கோடரால் பைட்டை எண்ணி, கூடினால் வகையை இரண்டெழுத்துக் குறியாகச் சுருக்கும் நிரலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.