மே 29 காலையில் எங்கே கண் விழிப்பீர்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில், 2024 பொதுத் தேர்தலுக்கு மாணவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஆறு பேர் சேர்ந்து மேசை போட்டோம். நூலக வாசலில், "ஓட்டுப் போடுவது உங்கள் கடமை" என்று பெரிய அட்டையோடு. இரண்டு மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

வீட்டில் ஆயாவிடம் புலம்பினேன். 1984இல் வெள்ளையர் அரசு நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனிச் சபை அமைத்தபோது ஓட்டுப் போடவே மாட்டேன் என்று இருந்தவர், எல்லா இனத்தவரும் முதன்முதலாக ஓட்டுப் போட்ட 1994 ஏப்ரலில்தான், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் வரிசையில் நின்றார். "கடமைன்னா யாரு வருவா? அந்தப் புள்ளைங்களுக்கு என்ன சிக்கல்னு கேட்டியா?" என்றார்.

சரி, கேட்டுப் பார்த்தோம். சிக்கல் முகவரி. பாதிப் பேருக்கு வீடு பக்கத்து மாகாணமான ஈஸ்டர்ன் கேப்பில், அறை இங்கே. பதிவு ஓர் இடத்தில்தான் இருக்க முடியும், புதிதாகப் பதிந்தால் பழையது போய்விடும், அதனால் எதையும் தொடாமலே விட்டிருந்தார்கள். பிப்ரவரி 20ஆம் தேதி ஜனாதிபதி தேர்தல் நாள் மே 29 என்று அறிவித்தார், 23ஆம் தேதி நள்ளிரவோடு பட்டியல் மூடிவிட்டது. அந்த மூன்று நாளும் மேசையை விடுதிப் பேருந்து வரிசைக்குப் பக்கத்தில் போட்டு, "மே 29 காலையில் எங்கே கண் விழிப்பாய்?" என்று மட்டும் கேட்டோம். அது புதன்கிழமை, விடுமுறைதான், ஆனால் ஒரு நாளில் ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது என்று அவர்களே கணக்குப் போட்டு போனை எடுத்தார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையப் பதிவில் அடையாள எண்ணைக் கொடுத்து வரைபடத்தில் இடத்தைக் குறித்தால் போதும். பதினேழு வயதுப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். 16 வயதிலேயே பதியலாம், ஓட்டுதான் 18இல் என்றதும் அவனுக்கு ஏக சந்தோஷம்.

சொதப்பியது நான்தான். ஊரில் பதிந்தவர்கள் இங்கே ஓட்டுப் போட வேண்டுமானால் மே 17க்குள் ஆணையத்திடம் தெரிவித்திருக்க வேண்டும். தேர்தல் அன்றைக்கே சாவடிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்ற பழைய வழக்கம் 2024இல் இல்லை. அது தெரியாமல், "அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று என் தோழியிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். வரிசையில் நின்று நின்று, கடைசியில் சாவடி வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு முகவரியை மாற்றிவிட்டாயா என்று போன வாரம் அவளே என்னைக் கேட்டாள். நான் இன்னும் மாற்றவில்லை.