பூம்பாறைக் குளிரில் படகு ஷாஃப்டுக்கு எந்தக் கிரீஸ்?

கொடைக்கானல் பக்கம் ரிமோட்டில் சின்ன ரேஸ் படகு ஓட்டுகிறவர்கள் மோட்டாரைவிட கிரீஸைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கீழே வத்தலக்குண்டில் இளகி நிற்கிற வீல் பேரிங் கிரீஸ், பூம்பாறையில் ஜனவரிக் காலையில் இறுகிப் போகிறது.

என் படகில் மோட்டாரிலிருந்து ப்ரொப்பெல்லருக்குப் போகிற ஷாஃப்ட் 4 மி.மீ. ஃப்ளெக்ஸ் கேபிள் (வளைந்து கொடுக்கிற முறுக்குக் கம்பி), அது ஓடுவதற்குப் பித்தளைக் குழாய், பின்னால் ஸ்ட்ரட்டில் (ஷாஃப்டைத் தாங்கும் கால்) வெண்கல புஷ் (ஷாஃப்ட் சுற்றுகிற உள்வளையம்). முதலில் வீல் பேரிங் கிரீஸ் தடவி, வாட் மீட்டர் மாட்டி, கரையில் வைத்தே கொஞ்ச நேரம் சுற்ற விட்டேன். எடுத்த எடுப்பில் ஆம்பியர் ஏறி நின்று, சூடானபின் மெதுவாக இறங்கியது. பாட்டரி வீணாகக் கரைகிற இடம் அதுதான்.

அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். ப்ரொப்பெல்லர் விரல் பட்டாலே சுற்றியது. ஆனால் தண்ணீர் அந்த எண்ணெயை நிற்க விடவில்லை. கடைசியில் ஒத்துவந்தது இது: கேபிள் முழுக்க மரைன் கிரீஸ் (தண்ணீருக்குத் தாங்குகிற வகை) மெல்லிய பூச்சு, புஷ்ஷுக்கு மட்டும் அதே கிரீஸில் சில சொட்டு எண்ணெய் குழைத்தது. வேறு வகைக்கு மாறும்போது பழைய கிரீஸை மிச்சமில்லாமல் எடுத்துவிடுங்கள், எல்லாக் கிரீஸும் ஒன்றோடொன்று சேராது.

அள்ளிப் பூசுவதால் பலனில்லை, மிச்சமெல்லாம் முதல் ஓட்டத்திலேயே வெளியே சிதறிவிடும். நான் ஓட்டுவது பண்ணைக்குட்டையில். "பூண்டுக்குப் பாயுற தண்ணி தம்பி, எண்ணெ மிதக்கக் கூடாது" என்று தோட்டக்கார அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு.

ஓட்டம் முடிந்ததும் ஷாஃப்டை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பேன். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெயிலில் பிடித்தால் பொன்துகள் மினுங்குகிறதா, புஷ் தேய்கிறது. அப்போது ப்ரொப்பெல்லரை மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று ஆட்டம் தெரியும். புஷ்ஷை மாற்றிவிடுவதே நல்லது, கிரீஸ் அந்த இடைவெளியை அடைக்காது.

டிரைவ் டாக்குக்கும் (ஷாஃப்டில் மாட்டி ப்ரொப்பெல்லரைச் சுற்றவைக்கிற துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 2, 3 மி.மீ. விடுங்கள். இழுவை ஏறும்போது கேபிள் முறுக்கிக்கொண்டு நீளம் குறையும். இடம் இல்லாவிட்டால் டாக் புஷ்ஷின் முகத்தையே அரைக்கும். அந்த இடைவெளியில் பூண்டு மூட்டையின் வலை நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள், இங்கே அது அடிக்கடி மாட்டுகிறது.

கேபிள் எஃகு. நன்னீர்தானே என்று குழாய்க்குள்ளேயே விட்டால் இந்தப் பனிமூட்டத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும். கரையிலேயே உருவி, துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.